நூல் சுற்றிய பல்

ஆடி 2, வியாழன்

இந்த டைரி ரஞ்சிக்கு மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்தது. தையிலிருந்து ஒரு எழுத்துக்கூட விழாமல் அலமாரியில் கிடந்தது. "நீயே எழுது அப்பத்தா, எனக்கு எங்க நேரம்" என்று என் கையில் கொடுத்துவிட்டாள். அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள் என்றாலும் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். முன்பக்கங்களை அப்படியே விட்டுவிட்டு ஆடியில் தொடங்குகிறேன். இனிமேல்தான் எழுதுவதற்கு விஷயம் இருக்கிறது.

என் பேத்தி சிவரஞ்சனி பல் டாக்டர். டாக்டருக்கு மேல் டாக்டர் படிக்கிறாள், இங்கே மதுரையில், கடைசி வருஷம். அவளுக்குப் பொங்கிப் போடத்தான் நான் அருப்புக்கோட்டையிலிருந்து வந்து காலேஜிலிருந்து கொஞ்ச தூரத்தில் இந்த மாடி வீட்டில் இருக்கிறேன். கீழே வீட்டுக்காரப் பெண் பல்கீஸ். நல்ல மனுஷி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

இன்று மத்தியானம் ரஞ்சி செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்தாள். ஆடி இருபத்திநாலு, வெள்ளிக்கிழமை காலேஜில் பெரிய கூட்டமாம். வெளியூர் காலேஜ் பிள்ளைகளும் வருகிறார்களாம். அதில் அவள் தன் ஆராய்ச்சியை மேடை ஏறி வாசிக்க வேண்டுமாம். சென்னையிலிருந்து கோதண்டம் சார் என்று ஒருவர் கேள்வி கேட்க வருகிறார், அவர் பெயரைச் சொன்னாலே இவளுக்குக் குரல் இறங்குகிறது.

"வீட்டு ஆளுங்களும் வரலாம் அப்பத்தா. நீ வர்ற."

அதற்கப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். அவளும் கவனிக்காமல் குடித்தாள்.

ஆடி 4, சனி

பல்கீஸ் மாடிக்குத் துணி காயப்போட வந்தவள், "உங்க பேத்தி அப்படி என்னம்மா ஆராய்ச்சி பண்ணுது" என்று கேட்டாள். கேட்டதே போதும் என்று உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். ரஞ்சி சொன்னதை நான் சரியாகத்தான் பிடித்து வைத்திருக்கிறேனா என்று எழுதிப் பார்க்கிறேன்.

பல்லின் மேற்பாகம் உடைந்து வேர் மட்டும் நல்லபடியாக இருந்தால் அதைப் பிடுங்க வேண்டியதில்லை. வேருக்குள் இருக்கிற குழாயைச் சுத்தம் செய்து, தீக்குச்சியை விட மெல்லிசான ஒரு தடியை அதற்குள் இறக்கி, சிமெண்டு வைத்து ஒட்டுவார்கள். கண்ணாடி நாரில் செய்த தடி. அதன் தலையில் புதுப் பல்லைக் கட்டி, மேலே கேப் போட்டுவிடுவார்கள். குழி தோண்டிக் கால் ஊன்றி, அதன்மேல் பந்தல் போடுகிற மாதிரிதான்.

இதில் தடி என்ன, சிமெண்டு என்ன என்று ஊரெல்லாம் ஆராய்ந்து முடித்துவிட்டார்களாம். சிமெண்டை எப்படி உள்ளே வைப்பது என்பதுதான் என் பேத்தியின் கேள்வி. தடியில் பூசிச் செருகுவது ஒரு வழி. சுருள் கம்பியைச் சுழலவிட்டுச் சிமெண்டை வேருக்குள் தள்ளுவது இன்னொரு வழி. நீள மூக்கு வைத்த குழாயை வேரின் அடிவரை இறக்கி, அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே மேலே வருவது மூன்றாவது. எது தடியை அதிகமாகப் பிடித்து வைக்கும்? அதுதான்.

"அதுக்கு யாரு வாயில போயிம்மா செஞ்சு பாக்குறது?" என்றாள் பல்கீஸ்.

பல்வரிசைக்குக் கம்பி கட்டுகிற பிள்ளைகளுக்கு இடம் போதாமல் நல்ல பல்லையே எடுப்பார்கள் அல்லவா, அந்தப் பற்களை வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறாள். நம் ஊரில் விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவோம். இவள் கேட்டு வாங்கி, உப்புத் தண்ணீரில் போட்டுக் காப்பாற்றுகிறாள். பல்கீஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்து, "அந்தத் தண்ணி பாட்டில் இந்த வீட்டு ஃபிரிட்ஜுல இல்லையேம்மா" என்று கேட்டாள். இல்லை, காலேஜில்தான் இருக்கிறது என்றேன். அப்புறம்தான் நான் கொடுத்த மோரைக் குடித்தாள்.

இன்னொன்றையும் அவளிடம் சொன்னேன். என் வாயைத் திறந்து மேல்வரிசை முன்பற்களைக் காட்டினேன். அதில் ஒன்று குளியலறைப் படியில் விழுந்து உடைத்துக்கொண்ட பல். இரண்டு வருஷத்துக்கு முன்னால், படிப்பில் சேர்ந்த புதிதில், ரஞ்சி தன் கையால் தடி இறக்கி ஒட்டியது. அவள் அப்படிச் செய்த முதல் பல் இதுதான். எது ஒட்டிய பல் என்று பல்கீஸால் சொல்ல முடியவில்லை. பக்கத்துப் பல்லைக் காட்டினாள்.

ஆடி 7, செவ்வாய்

ஆடிச் செவ்வாய் என்று உதிரி மல்லி வாங்கிக் கட்டினேன். கட்டி முடித்து நூலைக் கடித்து அறுத்தேன். கத்தரிக்கோல் எடுக்க எழுந்திருக்கச் சோம்பல்.

பல் லேசாக வழுக்கிவிட்டது. பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆடி 8, புதன்

வழுக்கியது என்று நேற்று எழுதியது சரியில்லை. கேப்பும் தடியுமாக முழுசாகக் கையோடு வந்துவிட்டது. ஓர் ஆணி மாதிரி இருந்தது. வலி கிடையாது. திருப்பி வைத்தால் அதே இடத்தில் உட்காருகிறது, பேசினால் ஆடுகிறது.

மோதிரம் லூசானால் என்ன செய்வோம்? உள்வளையத்தில் நூல் சுற்றிப் போடுவோம். அதேதான் செய்தேன். பூக்கட்டுகிற வெள்ளை நூலைத் தடியில் நாலைந்து சுற்றுச் சுற்றி, எச்சில் தொட்டு இறுக்கி, கண்ணாடி முன்னால் நின்று செருகினேன். சும்மா சொல்லக்கூடாது, கிண்ணென்று நின்றது.

ரஞ்சியிடம் சொல்லவில்லை. கூட்டம் முடியட்டும். பிள்ளை ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கிறாள், இதைப் போய் அவள் தலையில் வைப்பானேன்.

எனக்கு இரண்டு நாளாகக் கஞ்சிதான் பிடிக்கிறது.

ஆடி 11, சனி

இன்று என்னை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். இதை எழுதுவதற்கே காலையிலிருந்து காத்திருந்தேன்.

ஒரு மெஷின். நம் உயரம் இருக்கும். வேரை இளஞ்சிவப்புக் கட்டியில் பதித்துக் கீழே முடுக்கிவிடுகிறார்கள். மேலே ஒரு பிடி தடியின் தலையைக் கவ்விக்கொள்கிறது. பொத்தானை அமுக்கினால் மேலே இழுக்கிறது. இழுப்பதே கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு மெதுவு. பக்கத்துத் திரையில் கோடு ஏறிக்கொண்டே போகிறது. நான் ரஞ்சியின் வெள்ளைக் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன். திடீரென்று 'டிக்' என்று ஒரு சத்தம், கோடு குப்புற விழுந்தது, தடி தனியாக வந்துவிட்டது.

"இது பூசிச் செருகுனது அப்பத்தா. இதெல்லாம் சீக்கிரம் வந்துரும். இப்பப் பாரு, இது மூக்குக் குழாய்ல அடியில இருந்து நிரப்புனது."

அடுத்த கோடு ஏறியது. ஏறியது. வரவே இல்லை. வல்லவனும் வல்லவனும் கயிறு இழுக்கிற மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அந்தத் தடிக்காக, "விடாத, விடாத" என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன்.

சுருள் கம்பி நடுவில் நிற்கிறது. கம்பி சுழல்கிற வேகத்தில் இந்தச் சிமெண்டு சீக்கிரமே இறுகிவிடுகிறதாம், சில தடிகள் பாதியிலேயே நின்றுவிட்டன, அடிவரை போகவில்லை.

தடியில் பூசினால் ஏன் பிடிப்பதில்லை என்று கேட்டேன். வேர்க் குழாயின் அடியில் இருக்கிற காற்றுக்கு வெளியே போக வழி இல்லையாம். சிமெண்டு மேலேயே வழிந்து நின்றுவிடும், அடியில் குமிழியாகக் காற்று உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் வாளியில் டம்ளரைக் கவிழ்த்து அமுக்கினால் உள்ளே தண்ணீர் ஏறாதே, அந்த மாதிரியா என்றேன்.

"கிட்டத்தட்ட அதேதான். இத நான் மேடையில சொல்லிக்கிறேன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் டம்ளர் மேடை ஏறப் போவதை நினைத்துக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் அவள் பொரிகடலை நீட்டினாள். வாயு என்று சொல்லிவிட்டேன்.

ஆடி 13, திங்கள்

நூல் மாற்றினேன். பழையது நைந்துவிடுகிறது.

ஆடி 15, புதன்

ரஞ்சியின் மேடம் இன்று வீட்டுக்கு வந்தார். அற்புதராணி மேடம். அவர்தான் இவள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிறவர். வெள்ளைப் பருத்திச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை, பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. ஒத்திகை பார்க்க வந்தார். நான் குழிப்பணியாரம் சுட்டேன்.

அவர் வருவதற்கு முன்னால் ரஞ்சி செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பத்தா, ஈன்னு காட்டு, உன் பல்லு படமா வருது" என்றாள். பின்னாலிருந்து நாக்கால் முட்டுக் கொடுத்துக்கொண்டு ஈ என்றேன். படம் எடுத்தாள். "கல்லு மாதிரி நிக்குது" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். நாளைக்கு ஒரு எக்ஸ்ரேயும் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். எனக்கு மூன்று நாளாகத் தலைசுற்றல், எங்கேயும் வரமுடியாது என்று சொன்னேன்.

அடுப்படி ஸ்டூலில் கம்ப்யூட்டரை வைத்து அவள் பேசிக் காட்டினாள். இங்கிலீஷ் எனக்குப் புரியாது, ஆனாலும் அவள் எங்கே நிறுத்துகிறாள், எங்கே தலையை நிமிர்த்துகிறாள் என்பதிலேயே புரிந்தது. கடைசியில் என் வாய் திரை முழுக்க வந்தது. மேடம் பணியாரத்தைத் தட்டில் வைத்தார்.

"இது எப்படி ஒட்டுனது?"

"ஃபர்ஸ்ட் இயர்ல மேம். தடியில பூசித்தான். அப்ப அதான எல்லாரும் செஞ்சோம்."

"பூசுறதுதான் இருக்கதுலயே மோசம்னு நீ சொல்ற. உங்க பாட்டி வாயில அதே முறையில ஒட்டுனது ரெண்டு வருஷமா நிக்குது. கோதண்டம் சார் முதல்ல இதத்தான் கேப்பாரு. மெஷினுல சரி, வாயில எப்படின்னு."

"ஒரு பல்ல வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது மேம்."

"முடியாது. ஆனா உன் கையில இருக்கறதே அந்த ஒரு வாய்தான?"

"அந்தப் படத்தை எடுத்துரவா மேம்?"

மேடம் அவளை நேராகப் பார்த்தார். "தெரிஞ்ச ஒண்ண மறைச்சு வச்சிட்டு என்னம்மா ஆராய்ச்சி?"

நான் எழுந்து போய் அடுத்த ஈடு ஊற்றினேன். அந்த ஈடு கருகிவிட்டது.

மேடம் போனபின் ரஞ்சி கால் நீட்டி உட்கார்ந்து சிரித்தாள். "பாரு அப்பத்தா. என் கையால வச்ச முதல் பல்லு. அது விழுந்திருந்தா அன்னிக்கே இந்தப் படிப்ப விட்டுட்டு ஊருக்கு வந்திருப்பேன். எத்தனையோ நாளு அத நெனச்சுத்தான் தைரியமா டிரில்லு புடிச்சேன். அதே பல்லு இப்ப எனக்கு எதிரா சாட்சி சொல்லுது."

நானும் சிரித்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டுதான்.

நின்றாலும் அவளுக்குக் கெடுதல், விழுந்தாலும் கெடுதல். இப்படி ஒரு பல்லை நான் கேள்விப்பட்டதில்லை.

ஆடி 17, வெள்ளி

தெரு மாரியம்மனுக்கு முளைப்பாரி எடுத்தார்கள். நான் குலவை போட்டால் ஊருணிக்கு அந்தக் கரையில் கேட்கும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். போன வருஷம் இங்கேயும் காட்டிவிட்டேன், அதனால் என்னை முன்வரிசையில் நிறுத்தினார்கள். பாரி கிளம்பும் நேரம் எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். குலவைக்கு நாக்கு மேல் பல்லில்தான் அடித்து அடித்துத் திரும்பும். நூல் என்னத்தைத் தாங்கும். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன்.

பல்கீஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "தொண்ட கட்டிருக்கா? காலையில தண்ணிக்காரன ரெண்டு தெருவுக்குக் கேக்குற மாதிரி ஏசினது யாரும்மா?"

"அது கோவத்துல வந்தது."

"அடுத்த மாசம் எங்க அக்கா மகளுக்கு நிக்காஹ். நீங்கதான் முதக் குலவ. அதுக்குள்ள அந்தத் தொண்டையச் சரி பண்ணுங்க." தொண்டை என்று சொல்லும்போது என் வாயைத்தான் பார்த்தாள் என்று எனக்குத் தோன்றியது.

ஆடி 20, திங்கள்

ரஞ்சி ஒரு சின்ன டப்பாவும் பூதக்கண்ணாடியும் கொண்டுவந்தாள். டப்பாவில் மெஷின் பிடுங்கிய தடிகள். படிப்பு மேஜையில் நானும் அவளும் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தோம்.

பூசிச் செருகிய தடியில் மேற்பாதியில் மட்டும் சிமெண்டு ஒட்டியிருக்கிறது. கீழ்ப்பாதி வழுவழு என்று மொட்டையாக இருக்கிறது. அடியில் காற்று இருந்த இடம் அது. மூக்குக் குழாயால் நிரப்பியதில் நுனிவரை சிமெண்டுச் சட்டை. கண்ணால் பார்த்தாலே தெரிகிறது. எனக்கே தெரிகிறது.

"பிடி எவ்வளவுன்னு மெஷினு சொல்லும். ஏன்னு இதுதான் சொல்லும்" என்றாள். "புடுங்கிட்டு வந்ததுதான் அப்பத்தா பேசும். நிக்கிறது ஒண்ணுமே சொல்லாது."

"அப்ப என் பல்லு?"

"அது நிக்குதே. எப்படிப் பேசும்?"

"விழுந்தா அது உன் கை தப்புன்னு ஆயிருமோ?"

கையிலிருந்த தடியை டப்பாவில் போட்டாள். "முன்னாடின்னா அப்படித்தான் நெனச்சிருப்பேன். இத்தன தடியப் பாத்தப்புறம் எப்படிச் சொல்றது. எல்லாம் என் கைதான பூசுச்சு, என் கைதான நிரப்புச்சு. கை ஒண்ணுதான், முறைதான வேற." அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஏன், ஆடுதா?"

"ஆடுனா சொல்ல மாட்டனா" என்றேன்.

எழுதிவிட்டு மேலே உள்ள வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். வாய்க்குள் நூல் ஊறிப்போய் ஒரு வாடை.

ஆடி 22, புதன்

இன்று சொல்லிவிடலாம் என்று அவளுக்குப் பிடித்த சுறாப்புட்டு செய்து வைத்துக் காத்திருந்தேன். காலேஜிலேயே தங்கிவிட்டாள். நான் புட்டு தின்றேன், அது மெத்தென்று இருந்தது.

ஆடி 24, வெள்ளி, காலை

ரஞ்சி விடிவதற்குள் கிளம்பிவிட்டாள். மேடையில் ஏதோ ஒயர் சரிபார்க்க வேண்டுமாம். நெற்றியில் திருநீறு மட்டும் வைத்துவிட்டேன்.

தலைக்குக் குளித்துவிட்டேன். பச்சைப் பட்டு. பல்கீஸும் வருகிறாள், ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று.

நூல் கண்டு கண்ணில் படவில்லை. போகட்டும், நேரமில்லை. நைந்த நூலை வந்தவரை உருவிவிட்டுப் பல்லைச் சும்மா வைத்துக்கொண்டு போகிறேன்.

அன்றே, மாலை

முகம்கூடக் கழுவாமல் டைரியை எடுத்துவிட்டேன். சந்தோஷத்தில்தான். வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கூடம் குளுகுளு என்று இருந்தது. நானும் பல்கீஸும் இரண்டாவது வரிசை. முதல் வரிசையில் கோதண்டம் சார். ஒல்லியாக, தலை முழுக்க நரையாக, தபால்காரர் மாதிரி இருந்தார். எனக்குப் பயம் போய்விட்டது. வெளியூர்ப் பிள்ளைகள் மூன்று பேர் பேசினார்கள், நன்றாகத்தான் பேசினார்கள். அப்புறம் என் பேத்தி.

அவள் ஏறி நின்றதும் பல்கீஸ் என் தொடையைக் கிள்ளினாள். வெள்ளைக் கோட்டுக்குள் என் பழைய மாம்பழக் கலர்ச் சேலை. ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. டம்ளர் படமும் போட்டாள், கவிழ்த்துத் தண்ணீரில் அமுக்கிய டம்ளர். கூடத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். "அது எங்கம்மா சொன்ன டம்ளரு" என்று பல்கீஸ் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னாள். நான் எப்போது இவளுக்கு அம்மா ஆனேன் என்று தெரியவில்லை.

கடைசியில் என் வாய் வந்தது. ஒரு வீட்டுச் சுவர் அளவுக்கு என் பல்.

கோதண்டம் சார் எழுந்தார். முதலில் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அப்புறம் தமிழுக்கு வந்துவிட்டார்.

"உங்க ஆராய்ச்சிப்படி இந்தப் பல்லு விழுந்திருக்கணும். விழலையே. அப்ப உங்க மெஷினை நம்புறதா, உங்க பாட்டியை நம்புறதா?"

கூடம் சிரித்தது. ரஞ்சி சிரிக்கவில்லை. அன்று மேடத்திடம் சொன்ன பதில் இருந்தது, ஒரு பல்லை வைத்துச் சொல்லமுடியாது என்று. அதைச் சொன்னாள். சார் விடவில்லை. "சரி, வாயிலயும் இதேதான் நடக்குதுன்னு காட்ட உங்ககிட்ட ஏதாச்சும் இருக்கா?"

"இல்ல சார்" என்றாள். "இந்தப் பல்லு ஏன் நிக்குதுன்னு எனக்குத் தெரியல."

குரல் உடையவில்லை. நேராக நின்று தெரியாது என்று சொன்னாள் என் பேத்தி. அவ்வளவு பெரிய சபையில் தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். நம் வீட்டுப் பிள்ளை இப்படி ஒரு நல்ல காரியம் செய்தால் என்ன செய்வது வழக்கம்?

நான் எழுந்து நின்று குலவை போட்டேன்.

குளிர்மெஷின் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது போல இருந்தது. எத்தனை நாளாக அடக்கி வைத்திருந்த குலவை. மேடையில் ரஞ்சி வாய் பிளந்து நின்றாள். இழுத்துச் சுழற்றி மூன்றாவது சுற்றுக்கு வரும்போது பல் நாக்கில் தட்டியது, தெறித்தது, முன்வரிசை நாற்காலியில் பட்டு, கோதண்டம் சாரின் செருப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது.

பல்கீஸ்தான், "யா அல்லா, அம்மாவோட பல்லு" என்றாள்.

கோதண்டம் சார் குனிந்து கைக்குட்டையால் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். அதற்குள் ரஞ்சி மேடையிலிருந்து குதித்து ஓடி வந்துவிட்டாள். என்னிடம்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் நேரே பல்லிடம் போனாள். இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள், நாங்கள் மேஜையில் பார்த்த மாதிரியே.

"மேல பாதிதான் சார் சிமெண்டு இருக்கு" என்றாள். அவள் குரல் மாறிவிட்டது. "கீழ மொட்டை. சார், அதே மாதிரி இருக்கு. அப்படியே இருக்கு சார்."

"இது என்ன, வெள்ளையா ஒட்டிட்டு இருக்கு? நார் உரிஞ்சிருக்கா?"

ரஞ்சி நகத்தால் எடுத்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "பூ நூலு சார்."

"பூ நூலா?"

"மோதிரத்துக்குச் சுத்துற மாதிரி" என்று நான்தான் சொன்னேன். முன்பல் இல்லாததால் காற்றாக வந்தது.

கோதண்டம் சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. அப்புறம் கூடமே சிரித்தது. பல்லைக் கேமராவுக்கு அடியில் வைத்துத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். என் வாய் இருந்த இடத்தில் இப்போது என் தடி. ரஞ்சி மறுபடியும் மேடை ஏறி, பூசிச் செருகிய தடியின் படத்தை அதற்குப் பக்கத்தில் வைத்தாள். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"ஒரு பல்ல வச்சு இப்பவும் ஒண்ணும் சொல்ல முடியாது சார்" என்றாள். "ஆனா இது ஏன் வந்துச்சுன்னு தெரியுது."

அப்போதுதான் கைதட்டினார்கள்.

நன்றாக வாசித்ததற்கான பரிசு, ரஞ்சிக்கு முன்னால் பேசிய திருச்சிப் பையனுக்குப் போய்விட்டது. அவனும் நன்றாகத்தான் பேசினான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் காப்பி குடிக்கும்போது கோதண்டம் சார் ரஞ்சியைக் கூப்பிட்டு, இதையும் சேர்த்து எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பு, நான் பார்த்துத் தருகிறேன் என்றார். அற்புதராணி மேடம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எப்ப விழுந்துச்சும்மா?"

"ஆடி ஏழு."

"நான் பணியாரம் சாப்பிட வந்தது?"

"பதினஞ்சு."

அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

ஆட்டோவில் ரஞ்சி என் பக்கம் திரும்பவே இல்லை. பாலம் தாண்டியதும் சொன்னாள், "கஞ்சியாக் குடிச்சிட்டுக் கெடந்தியா அப்பத்தா, பதினேழு நாளா." அழுதாள். நானும் கொஞ்சம். பல்கீஸ் எங்கள் இரண்டு பேரையும் விட அதிகமாக அழுதாள்.

ஆடி 27, திங்கள்

காலேஜ் நாற்காலியில் என்னைப் படுக்க வைத்தாள். எக்ஸ்ரே எடுத்தாள், வேரில் விரிசல் இல்லை. கொஞ்ச நாளாகத் திறந்து கிடந்ததால் உள்ளே மறுபடி சுத்தம் செய்ய வேண்டும், மருந்து வைத்து மூட வேண்டும், அப்புறம்தான் தடி. "நூல் சுத்துன பாவத்துக்கு ரெண்டு தடவ வரணும்" என்றாள்.

ஆடி 31, வெள்ளி

இன்று தடி இறக்கினாள். வாயைச் சுற்றி ரப்பர் துணி கட்டிவிட்டதால் என்னால் பேச முடியவில்லை, அதனால் எல்லாவற்றையும் கவனித்தேன். நீள மூக்குக் குழாய். ஊசி மாதிரி மெல்லிசு. அதை அடிவரை இறக்கினாள். சிமெண்டு அடியிலிருந்து ஏற ஏற, மூக்கை அதிலேயே அமிழ்த்தி வைத்துக்கொண்டு மெதுவாக மேலே வந்தாள். அவசரமே இல்லை. தடியை இறக்கிப் பிடித்து, நீல வெளிச்சம் காட்டி இறுக வைத்து, அதன் தலையில் புதுப் பல்லும் கேப்பும் கட்டினாள். பின்னால் நாலைந்து தம்பிகள், தங்கைகள் நின்று பார்த்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே செய்தாள். கை ஒரு இடத்திலும் நடுங்கவில்லை.

துணியை அவிழ்த்ததும் கேட்டாள். "ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கு நூலுக்கண்டு கண்ணுல படலன்னு சொன்னியே, நெசமாவா?"

"அவசரத்துல எங்க தேடுறது."

"சாமி படத்துக்குக் கீழயே இருந்துச்சு அப்பத்தா. நான் கெளம்பும்போது பாத்தேன்."

"கண்ணு முன்ன மாதிரியா இருக்கு" என்றேன்.

ஆவணி 2, ஞாயிறு

பல்கீஸின் அக்கா மகள் நிக்காஹ். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டதும் என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். ரஞ்சி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். நான் மூச்சை இழுத்துக் குலவை போட்டேன். மூன்று சுற்று, நான்கு சுற்று, அப்புறம் எண்ணவில்லை. வாசலில் நின்ற ஆட்டோக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பல் நின்றது.

"என்னடி, ஏதாச்சும் சொல்லுதா?" என்று அவளைக் கேட்டேன்.

"நிக்கிறது ஒண்ணும் சொல்லாது அப்பத்தா" என்றாள். சொல்லிக்கொண்டே பிரியாணியில் இருந்து நல்லி எலும்பாகப் பார்த்து எடுத்து என் தட்டில் வைத்தாள்.